இணையதளம்: யார் பெயரில், யார் கையில்?

2018 செப்டம்பர் 24 அன்று ஜோஹோ நிறுவனத்தின் இணைய முகவரி திடீரென்று வேலை செய்யாமல் நின்றது. சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரியிலிருந்து உலகம் முழுவதற்கும் மென்பொருள் விற்கும் நிறுவனம் அது. சர்வரில் கோளாறு இல்லை, கரன்ட் போகவில்லை, யாரும் ஊடுருவவும் இல்லை. ஜோஹோ மெயில் வழியாக மோசடி அஞ்சல்கள் போகின்றன என்று வந்த சில புகார்களைக் காட்டி, டொமைன் பதிவைக் கவனித்துவந்த டியராநெட் என்ற அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. மெயில், பில், கணக்கு என்று எல்லாவற்றையும் அதில் நடத்திக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் தவித்துப்போனார்கள். ஜோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் பெயர் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் டொமைன் பெயருக்கு உரிய சர்வரைக் காட்டித்தரும் டி.என்.எஸ். சர்வர்கள் பலவற்றில் பழைய தகவல் தங்கிப்போனதால், சிலருக்குத் தளம் திறக்க மேலும் நேரம் பிடித்தது. ஜோஹோ தன் டொமைனை கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது.

ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலை பார்க்கும் இடத்துக்கே இந்த நிலை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர், சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர், காரைக்குடியில் பலகாரக் கடை போட்டிருப்பவர் ஆகியோருக்குத் தங்கள் தளத்தின் பெயர் எந்த நிறுவனத்தில், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதே பெரும்பாலும் தெரியாது. ஊரில் உள்ள வெப் டிசைன் கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது, வருடத்துக்கு ஒரு பில் வருகிறது, அத்தோடு சரி.

உள்ளூர் நிறுவனத்திடம் வேலை கொடுப்பது நல்லது என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. தமிழில் பேசலாம், நேரில் போய் உட்காரலாம், கடைக்கே வந்து பொருளைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள், தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் எப்படிப்பட்டது என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பெருநிறுவனத்தின் சாட் பெட்டியில் இது எதுவும் கிடைக்காது. ஆனால் வேலையைக் கொடுப்பது வேறு, உடைமையைக் கொடுப்பது வேறு. டொமைன் பெயர், எல்லாக் கணக்குகளின் தலைமை லாகின், தளத்தின் முழு நகல் ஆகிய மூன்றும் எப்போதும் தொழில் செய்பவரின் கையில் இருக்க வேண்டும். மற்றதையெல்லாம் நம்பி ஒப்படைக்கலாம்.

ஒரே பில்லில் நான்கு வேலை

உள்ளூர் நிறுவனம் தரும் கொட்டேஷனில் பெரும்பாலும் ஒரே தொகைதான் இருக்கும்: ‘வெப்சைட் முழுவதும் சேர்த்து ரூ.20,000’. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது ரூ.3,600 சேரும். இந்தத் தொகைக்குள் தனித்தனியான நான்கு வேலைகள் ஒளிந்திருக்கின்றன: டொமைன் பதிவு, ஹோஸ்டிங், வடிவமைப்பும் உருவாக்கமும், ஆண்டுப் பராமரிப்பு. முதல் காரியமாக இவற்றை நான்கு வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் எதற்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும், எது ஒரே முறை செலவு என்பது அப்போதுதான் தெளிவாகும். முதல் ஆண்டு இலவச டொமைன் என்று சொல்பவரிடம், அடுத்த ஆண்டு புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இந்த நான்கில் இரண்டை உள்ளூர் நிறுவனமும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. டொமைனை எடுத்துக்கொண்டால் ‘.காம்’ பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. ‘.இன்’ பெயர்களுக்கு 2003ல் லாப நோக்கமின்றித் தொடங்கப்பட்ட நிக்ஸி பொறுப்பு. இந்தப் பெயர்களைப் பதிந்து தரும் அங்கீகாரம் பெற்றவர்கள் ரெஜிஸ்ட்ரார்கள். அந்த ரெஜிஸ்ட்ராரின் முகவராக இருப்பவர்தான் பெரும்பாலும் உள்ளூர் நிறுவனத்தார். ஹோஸ்டிங்கும் அப்படியே. சர்வர் அவர்கள் அலுவலகத்தில் இருக்காது. அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ மும்பையிலோ ஏதோ ஒரு தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எந்த ரெஜிஸ்ட்ரார், எந்த ஊர்த் தரவு மையம் என்ற கேள்விக்கு நேரான பதில் வர வேண்டும். ‘அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்’ என்பது பதில் ஆகாது.

பெயர்: முதல் உடைமை

டொமைன் யாருக்கும் நிரந்தரச் சொத்தாகக் கிடைப்பதில்லை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதிவு செய்யலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்யும்போது ‘ரெஜிஸ்ட்ரன்ட்’ என்ற கட்டத்தில் யார் பெயர் எழுதப்படுகிறதோ அவருக்குத்தான் அந்தப் பெயரின் மேல் உரிமை. வெப் டிசைன் கம்பெனி தன் பெயரையே எழுதிவிட்டால், கடையின் போர்டில் உள்ள பெயர் சட்டப்படி வேறொருவர் வசம் போய்விடுகிறது. கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடக்கும். அவசரத்தில் வேலை செய்யும் பையன் தங்கள் கணக்கிலேயே நூறு டொமைன்களையும் போட்டுவைப்பான். நிறுவனம் மூடப்படும்போதோ, பங்குதாரர்கள் பிரியும்போதோதான் விவகாரம் வெடிக்கும்.

சரிபார்ப்பது எளிது. டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் டொமைனைக் கொடுத்தால், எந்த ரெஜிஸ்ட்ரார், எந்தத் தேதியில் காலாவதி, மாற்றத்துக்குப் பூட்டு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். தனிநபர் விவரம் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டுத்தான் வரும். அதனால் உரிமையாளர் பெயரை ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும். நிறுவனத்தாரை உட்கார வைத்து, அந்தக் கணக்கைத் திறந்து காட்டச் சொல்வதில் வெட்கம் எதுவும் தேவையில்லை.

அங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, தொடர்பு மின்னஞ்சல். பலர் தங்கள் டொமைனில் உள்ள மெயில் முகவரியையே அங்கும் கொடுத்துவிடுகிறார்கள். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் சேர்ந்து நின்றுபோகும். கடைசி எச்சரிக்கை, பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு எதுவுமே வந்து சேராது. இதற்கு வேறு சேவையில், உரிமையாளர் தானே திறக்கும் மெயில் ஒன்று வேண்டும். ஓ.டி.பி. வரும் செல்பேசி எண்ணும் அவருடையதாக இருக்க வேண்டும்.

தேதியைத் தவறவிட்டால் என்ன ஆகும்? 1999 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் பலர் திணறினார்கள். ஹாட்மெயில் லாகினுக்கு ஆதாரமாக இருந்த பாஸ்போர்ட்.காம் என்ற டொமைனுக்கு மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கவில்லை. கட்டணம் வெறும் 35 டாலர். மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலாளர் தன் கையிலிருந்து அதைக் கட்டியதும் சேவை மீண்டது. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு நேர்ந்தது எந்தக் கடைக்கும் நேரும்.

‘.காம்’ போன்ற பெயர்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும். காலாவதிக்குப் பின் அதிகபட்சம் 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். இது ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது. அடுத்த 30 நாளில் பெயரை மீட்கலாம், ஆனால் கட்டணம் பல மடங்கு. அதன்பின் ஐந்து நாளில் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சலுகைக் காலத்திலேயே பெயரை ஏலம் விடும் ரெஜிஸ்ட்ரார்களும் இருக்கிறார்கள். ஆகவே சலுகை நாட்களை நம்பாமல், தொழிலின் முதன்மைப் பெயரை ஐந்து ஆண்டுக்காவது மொத்தமாகப் பதிந்துவிடுவது நிம்மதி.

தமிழிலேயே முகவரி வைக்க விரும்புவோருக்கு ‘.இந்தியா’ இருக்கிறது. இலங்கையில் ‘.இலங்கை’, சிங்கப்பூரில் ‘.சிங்கப்பூர்’ ஆகியவையும் இணையத்தின் மூலப் பட்டியலில் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றவை. சில மெயில் சேவைகளும் படிவங்களும் தமிழ் முகவரிகளை இன்னும் சரியாக ஏற்பதில்லை. எனவே ‘.இன்’ அல்லது ‘.காம்’ பெயர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயரை அதனோடு இணைத்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஹோஸ்டிங்: எந்த அளவு, எந்த வாக்குறுதி

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒண்டிக்குடித்தனம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராது. ஐந்தாறு பக்கம், நாளைக்குச் சில நூறு பார்வையாளர் என்ற அளவுக்கு இது தாராளமாகப் போதும். ஆன்லைனில் ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிட்டால் வி.பி.எஸ். பக்கம் போகலாம். அதில் இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலி என்று தனி ஒதுக்கீடு உண்டு. முழு சர்வரையும் தனியாக எடுப்பது சிறு தொழிலுக்கு அரிதாகவே தேவைப்படும்.

‘அன்லிமிடெட்’ என்ற வார்த்தையைக் கண்டால் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். வட்டில் இடம் அளவற்றதாக இருக்கலாம், ஆனால் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்ற ‘ஐநோடு’ எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை, எவ்வளவு செயலி நேரம் என்பவற்றுக்கும் வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் தளத்தில் 508 என்ற எண்ணோடு பிழைச்செய்தி வரும். ஆடித் தள்ளுபடி விளம்பரம் பேப்பரில் வந்த அன்றைக்குத்தான் பல கடைக்காரர்கள் இந்த எண்ணை முதன்முதலாகப் பார்ப்பார்கள்.

அப்டைம் வாக்குறுதியைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 99 சதவீதம் என்பது காதுக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஆண்டில் மூன்றரை நாளுக்கு மேல் தளம் படுத்திருந்தாலும் வாக்குறுதி மீறப்பட்டதாக ஆகாது. 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம், மாதத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குள். 99.99 என்றால் ஆண்டுக்கு 53 நிமிடத்துக்கும் குறைவு. வாக்குறுதி மீறப்பட்டால் என்ன ஈடு என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் அடுத்த மாத வாடகையில் சிறு கழிவு மட்டுமே கிடைக்கும். வியாபார நஷ்டத்தை எந்த ஹோஸ்டிங் நிறுவனமும் ஏற்பதில்லை.

வேகத்துக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 வினாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் நல்ல அளவு. நிறுவனத்தின் அலுவலக வைஃபையில் இதைச் சோதிக்கக் கூடாது. பேருந்தில் போகும் வாடிக்கையாளரின் சாதாரண செல்பேசியில், மொபைல் டேட்டாவில் திறந்து பார்க்க வேண்டும்.

நகல்: எங்கே இருக்கிறது, திரும்ப வருமா?

2021 மார்ச் 10, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனமான ஓ.வி.ஹெச்.சின் தரவு மையத்தில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது, பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. 36 லட்சம் இணையதளங்கள் முடங்கியதாக நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. ‘ரஸ்ட்’ என்ற இணைய விளையாட்டின் ஐரோப்பிய சர்வர்களில் இருந்த தரவு மீளவே இல்லை. வெளியூரில் நகல் வைத்திருந்தவர்கள் சில நாளில் எழுந்துவிட்டார்கள். சர்வரும் நகலும் ஒரே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இன்னொரு வகை. நள்ளிரவுக் களைப்பில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, சுமார் 300 ஜி.பி. தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பல வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. திறந்து பார்த்தால் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தினசரி நகல் எடுப்பது பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் எச்சரிக்கை மெயில்களோ முறையான கையொப்பம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன் தற்செயலாக எடுத்திருந்த நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. நடந்ததை கிட்லேப் மறைக்கவில்லை. மீட்புப் பணியையே யூடியூபில் நேரலையாகக் காட்டியது. உள்ளூர் நிறுவனத்திடமும் இந்த நேர்மையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

ஆகவே, பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டால் போதாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், எந்த ஊரில், கடைசியாக எப்போது திரும்ப ஏற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில் என்பது தொழிலில் எல்லோரும் ஏற்ற கணக்கு. அதன் மூன்றாவது நகலை உரிமையாளரே வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை, ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சி-பேனலில் முழு பேக்கப்பைத் தரவிறக்கி, கடையின் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் போட்டுவைப்பது அரை மணி நேர வேலை.

தமிழ்த் தளங்களுக்கென்று கூடுதலாக ஒரு சோதனை வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் ஐந்து யுனிகோட் குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட். பழைய சர்வரிலிருந்து புதியதற்குத் தரவுத்தளத்தை மாற்றும்போது எழுத்துமுறை அமைப்பு தவறாகிவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பக்கம் முழுவதும், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறிமாறி வந்தால் பயப்பட வேண்டாம், தரவு உள்ளே பத்திரமாக இருக்கிறது, வாசிக்கும் முறைதான் தவறு. தமிழ் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் அபாயம். சேமிக்கும்போதே எழுத்து தொலைந்துபோயிருக்கலாம். அப்போது பழைய நகலிலிருந்துதான் மீட்க முடியும். அதனால் இடமாற்றம் முடிந்தது என்று நிறுவனத்தார் சொன்னவுடன், முகப்பை மட்டும் பார்க்காமல் பழைய செய்தி, பொருள் விவரம், வாடிக்கையாளர் பெயர் ஆகியவற்றில் பத்துப் பக்கமாவது திறந்து பார்க்க வேண்டும். ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ போன்றவை உடையாமல் வருகின்றனவா, தலைப்பின் முடிவில் எழுத்து பாதியில் அறுந்து நிற்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

உருவாக்கம்: பணம் கொடுத்தால் மட்டும் நம்முடையது ஆகாது

பணம் முழுவதும் கட்டியாயிற்று, தளம் நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 வேறு மாதிரி சொல்கிறது. வெளியாள் ஒருவர் எழுதித்தரும் நிரலின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பொதுவாக எழுதியவரிடமே இருக்கும். அதை மாற்றித் தருவதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே பணி ஆணையில் இப்படி எழுதிக்கொள்வது பாதுகாப்பு:

“இந்தத் தளத்துக்காகத் தனியாக உருவாக்கப்படும் வடிவமைப்பு, நிரல், படம், எழுத்து அனைத்தின் பதிப்புரிமையும் முழுத் தொகை செலுத்தப்பட்டதும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் வாடிக்கையாளருக்கு மாற்றித் தரப்படுகிறது. டொமைன் வாடிக்கையாளர் பெயரில், அவரது மின்னஞ்சலில் பதிவு செய்யப்படும். எல்லா நிர்வாக லாகின்களும் தளம் வெளியாகும் நாளில் ஒப்படைக்கப்படும். வாடிக்கையாளர் விலக விரும்பினால் ஏழு நாளுக்குள் முழு நகலும் டொமைன் மாற்றக் குறியீடும் தரப்படும்.”

பெரிய தொகைக்கான வேலை என்றால் இந்த வரிகளை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடலாம்.

வேர்டுபிரஸில் செய்த தளத்துக்கு ஒரு நன்மை உண்டு. 2003ல் வெளிவந்த இந்தத் திறந்தமூல மென்பொருளில்தான் உலகின் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் ஓடுகின்றன. செய்தவர் ஊரைவிட்டுப் போனாலும் வேறு ஆள் எளிதில் கிடைப்பார். ஆனால் விலைக்கு விற்கும் தீம், பிளக்இன் ஆகியவற்றின் திருட்டு நகலைப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அவற்றின் உள்ளே பின்வாசல் வைத்திருப்பார்கள், அப்டேட்டும் வராது. எந்தெந்த பிளக்இன், யார் பெயரில் லைசென்ஸ் என்ற பட்டியலைத் தளத்தோடு சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

அறிவிப்பு வந்தால் படிக்க வேண்டும்

ஹோஸ்டிங் நிறுவனம் அனுப்பும் மெயில்களை விளம்பரம் என்று தள்ளிவிடுவது பொதுவான வழக்கம். உண்மையில் அந்த நிறுவனத்தின் தரத்தைக் காட்டுவதே அறிவிப்புகள்தான். நல்ல பராமரிப்பு அறிவிப்பில் நான்கு விஷயம் இருக்கும்: எந்தத் தேதி எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தளம் ஓடாது, எதனால், வாடிக்கையாளர் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா. ‘அண்ணே, இன்னைக்கு ராத்திரி சர்வர் மாத்துறோம், காலைல பாருங்க’ என்ற வாட்ஸ்அப் குரல்செய்தியில் அன்பு இருக்கிறது, தகவல் இல்லை.

பி.ஹெச்.பி. பதிப்பு மாற்றம் பற்றிய அறிவிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. வேர்டுபிரஸ் உள்ளிட்ட பெரும்பாலான தளங்கள் இந்த மொழியில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. 7.4 பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பர் 28ல் முடிந்தது. அதன்பின் அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை மொழியை உருவாக்குபவர்கள் அடைப்பதில்லை. சரியான முறை, தளத்தின் நகல் ஒன்றைப் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுவது. இதற்கு உள்ளூர் நிறுவனம் கட்டணம் கேட்டால் நியாயம்தான், உழைப்பு இருக்கிறது.

எஸ்.எஸ்.எல். சான்றிதழ் அறிவிப்புகள் இனி அடிக்கடி வரும். 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்த லெட்ஸ் என்கிரிப்ட் சேவை 90 நாள் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. 2018 ஜூலை முதல், சான்றிதழ் இல்லாத தளத்தைப் பாதுகாப்பற்றது என்று குரோம் உலாவி முகவரிக் கட்டத்திலேயே காட்டுகிறது. சான்றிதழின் அதிகபட்ச ஆயுளை 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று படிப்படியாகக் குறைக்க உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் முடிவெடுத்தன. கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விலை உயர்வு அறிவிப்பு வந்ததும் கோபப்படுவதற்கு முன் காரணத்தைக் கேட்கலாம். 2019ல் சி-பேனல் நிறுவனம், சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த லைசென்ஸ் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றியது. உலகெங்கும் சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்களின் செலவு ஏறியது. காரணத்தையும் கணக்கையும் சொல்லி விலையை ஏற்றுபவர் நம்பத் தகுந்தவர்.

மெயில் போய்ச் சேருவதில்லை என்ற புகாருக்கும் விடை பெரும்பாலும் ஓர் அறிவிப்பில் இருக்கும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும், எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற அடையாளச் சான்றுகள் இல்லாமல் வரும் மெயில்களுக்குக் கதவை இறுக்கின. நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு டி.மார்க்கும் கட்டாயம். மூன்றையும் டி.என்.எஸ்.சில் சில வரிகளாகச் சேர்த்துவிடலாம். தளம் வெளியாகும் நாளிலேயே இதை முடித்துத் தருவது நிறுவனத்தின் கடமை.

போலி அறிவிப்புகளும் வரும். ‘உங்கள் டொமைன் நாளை ரத்தாகிறது, இந்த இணைப்பில் பணம் கட்டுங்கள்’ என்றோ, ‘வெளிநாட்டில் உங்கள் பெயரை வேறொருவர் பதியப்போகிறார்’ என்றோ மிரட்டும். அந்த இணைப்பைத் தொடாமல், ரெஜிஸ்ட்ரார் கணக்கில் தானே நுழைந்து காலாவதித் தேதியைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

தளம் ஊடுருவப்பட்டால்

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல் வெளியிட்ட உத்தரவின்படி, தளம் சிதைக்கப்படுவது, தரவுக் கசிவு போன்ற சம்பவங்களைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இதை யார் செய்வது, கடைக்காரரா ஹோஸ்டிங் நிறுவனமா என்பதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். சம்பவம் நடந்த இரவில் அதைப் பேச நேரம் இருக்காது. வாடிக்கையாளர்களின் செல்பேசி எண், முகவரி ஆகியவற்றைத் தளத்தில் வாங்குபவர்களுக்கு 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப் பொறுப்பைச் சுமத்துகிறது. தேவையில்லாத விவரத்தைப் படிவத்தில் கேட்காமல் இருப்பதே எளிய தற்காப்பு.

பிரிய நேர்ந்தால்

நிறுவனத்தை மாற்றும்போது பலர் செய்யும் தவறு, பழைய கணக்கை முதலில் நிறுத்திவிடுவது. வரிசை இப்படி இருக்க வேண்டும். முழு நகலையும் மெயில்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய சர்வரில் ஏற்றி, பொதுமக்களுக்குத் தெரியாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். மாற்றத்துக்கு ஓரிரு நாள் முன்பே டி.என்.எஸ்.சில், பழைய தகவலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சொல்லும் ‘டி.டி.எல்.’ அளவை 300 வினாடிக்குக் குறைத்துவைத்தால் புதிய விலாசம் சீக்கிரம் பரவும். பிறகு திசையை மாற்றலாம். அதன்பின்னும் பழைய கணக்கை ஒரு வாரமாவது ஓடவிட வேண்டும். டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பூட்டை நீக்கி, மாற்றக் குறியீட்டை வாங்க வேண்டும். புதிதாகப் பதிந்த ‘.காம்’ டொமைனை முதல் 60 நாளுக்குப் பொதுவாக மாற்ற முடியாது.

நல்ல நிறுவனம் வாடிக்கையாளர் விலகும்போதும் ஒழுங்காகச் சாவியைக் கொடுத்து அனுப்பும். அப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேசிய தொகையைப் பேரம் இல்லாமல், தேதி தவறாமல் கொடுப்பது வாடிக்கையாளரின் பங்கு. இரவு பதினொரு மணிக்கு போன் செய்து படத்தை மாற்றச் சொல்வதற்கும், வருடம் முழுக்க இலவசத் திருத்தம் கேட்பதற்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்காத இடத்தில்தான் பராமரிப்பு முதலில் குறையும்.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போவதற்கு முன் இன்றைக்கே மூன்று காரியம் முடித்துவிடுங்கள். ஐகேன் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனின் காலாவதித் தேதியைப் பார்த்துச் செல்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். ரெஜிஸ்ட்ரார் கணக்கில் உரிமையாளர் பெயர், மெயில், செல்பேசி எண் மூன்றும் உங்களுடையவையா என்று நிறுவனத்தாரிடம் கேளுங்கள். முழு பேக்கப் ஒன்றைத் தரவிறக்கிக் கடையில் வையுங்கள். மூன்றில் எதற்காவது ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பதில் வந்தால், அதே கேள்வியை மெயிலில் எழுதி அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.